நெகிழ்வான நகர்பேசி வலையமைப்புக் கட்டமைப்பு

நெகிழ்வான நகர்பேசி வலையமைப்புக் கட்டமைப்பு என்பது, நகர்பேசி வலையமைப்பின் பணிகளை அவற்றுக்கெனவே செய்யப்பட்ட கருவிகளிலிருந்து பிரித்து, தேவைக்கேற்ப இடம் மாற்றவும் கூட்டவும் குறைக்கவும் கூடிய மென்பொருட் கூறுகளாக அமைக்கும் வடிவமைப்பு முறையாகும். ஐந்தாம் தலைமுறை (5ஜி) வலையமைப்புகள் இம்முறையை அடிப்படையாகக் கொண்டு வரையறுக்கப்பட்டன. வரவிருக்கும் ஆறாம் தலைமுறையும் (6ஜி) இதே பாதையில்தான் திட்டமிடப்படுகிறது. மெய்நிகராக்கம், மென்பொருள்வழிக் கட்டுப்பாடு, சேவை அடிப்படையிலான மைய வலையமைப்பு, திறந்த இடைமுகங்கள், வலையமைப்புக் கூறாக்கம், விளிம்புக் கணிமை ஆகியன இதன் முக்கியக் கூறுகள்.

பின்னணி

ஒரு நகர்பேசி வலையமைப்பை இரு பெரும் பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். கோபுரங்களும் அவற்றிலுள்ள கருவிகளும் சேர்ந்தது ரேடியோ அணுகு வலையமைப்பு. இது கைபேசியுடன் ரேடியோ அலைகள் மூலம் நேரடியாகத் தொடர்பு கொள்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது மைய வலையமைப்பு. சந்தாதாரர் யார், அவர் எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருக்கிறார், அவருக்கு எந்தச் சேவைகள் உண்டு என்பவற்றை அறிந்து, அழைப்பையும் தரவையும் உரிய இடத்திற்கு அனுப்புவது இதன் வேலை.

1979-ஆம் ஆண்டு டோக்கியோவில் தொடங்கிய முதல் தலைமுறைச் சேவையும், 1991-இல் பின்லாந்தில் தொடங்கிய ஜி.எஸ்.எம். சேவையும் குரல் அழைப்பை மையமாகக் கொண்டவை. ஒவ்வோர் அழைப்புக்கும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு தனிச் சுற்று ஒதுக்கப்பட்டது. 2001-இல் ஜப்பானில் வணிக முறையில் தொடங்கிய மூன்றாம் தலைமுறையில் குரலுக்கு ஒரு பாதையும் தரவுக்கு மற்றொரு பாதையும் இருந்தன. 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் தொடங்கிய நான்காம் தலைமுறையில், இணைய நெறிமுறைப் பொட்டலங்களாக எல்லாத் தகவலையும் அனுப்பும் ஒரே மைய வலையமைப்பு வந்தது.

இந்த நான்கு தலைமுறைகளிலும் ஒரு பொதுத்தன்மை இருந்தது. ஒவ்வொரு பணிக்கும் தனிப் பெட்டி இருந்தது. அந்தப் பெட்டியின் வன்பொருளும் மென்பொருளும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தன. புதிய வசதி வேண்டுமென்றால் புதிய பெட்டி வாங்க வேண்டும். பண்டிகை நாளில் ஒரு நகரத்தில் கூடுதல் திறன் தேவைப்பட்டால், வேறொரு நகரத்தில் சும்மா இருக்கும் பெட்டியின் திறனை இங்கே பயன்படுத்த முடியாது. ஆண்டின் மிக நெரிசலான நேரத்தைக் கணக்கிட்டு வாங்கிய கருவிகள் மற்ற நேரங்களில் பெரும்பாலும் வேலையின்றி மின்சாரத்தைச் செலவழித்துக் கொண்டிருந்தன.

நெகிழ்வு ஏன் தேவைப்பட்டது

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2015-இல் வெளியிட்ட ஐந்தாம் தலைமுறைக்கான நோக்கு ஆவணம் மூன்று வகைப் பயன்பாடுகளைக் குறிப்பிட்டது.

முதலாவது, மிகுவேக அகலப்பட்டை. காணொளி, கோப்புப் பதிவிறக்கம் முதலியவை இதில் அடங்கும். உச்ச வேக இலக்கு வினாடிக்கு 20 கிகாபிட்.

இரண்டாவது, மிகுந்த நம்பகத்தன்மையும் மிகக் குறைந்த தாமதமும் கொண்ட தொடர்பு. தொழிற்சாலை இயந்திரங்களைத் தொலைவிலிருந்து இயக்குதல் போன்றவை இதில் அடங்கும். ரேடியோப் பகுதிக்கான தாமத இலக்கு 1 மில்லிவினாடி.

மூன்றாவது, பெருந்திரளான கருவிகளின் தொடர்பு. மின்மானி, நீர்மானி, மண் ஈர உணரி போன்ற சிறு கருவிகள் இவ்வகை. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 10 லட்சம் கருவிகள் என்பது இலக்கு.

இம்மூன்றும் ஒன்றுக்கொன்று மாறானவை. காணொளிக்கு வேகம் வேண்டும். சில மில்லிவினாடி தாமதம் ஒரு பொருட்டல்ல. இயந்திரக் கட்டுப்பாட்டுக்கு அனுப்பும் தரவு மிகச் சிறியது. ஆனால் அது நேரத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். நீர்மானிக்கு வேகமும் வேண்டாம், உடனடியும் வேண்டாம். ஒரே மின்கலத்தில் பல ஆண்டுகள் ஓடினால் போதும். மூன்றுக்கும் தனித்தனி வலையமைப்பு கட்டினால் செலவு கட்டுப்படியாகாது. ஒரே வடிவில் இறுகிப்போன வலையமைப்பு மூன்றுக்கும் பொருந்தாது. ஆகவே ஒரே கட்டுமானம் பல வடிவம் எடுக்க வேண்டிய தேவை எழுந்தது.

ரேடியோ அலைவரிசையிலேயே இந்த நெகிழ்வு தொடங்குகிறது. 4ஜி-யில் துணைக் கடத்திகளுக்கு இடையிலான இடைவெளி பொதுவாக 15 கிலோஹெர்ட்சு. 5ஜி-யில் இது 15, 30, 60, 120 கிலோஹெர்ட்சு என இருமடங்காக உயர்த்தத்தக்கது. இடைவெளி இருமடங்கானால் ஒரு நேரத்துண்டின் நீளம் பாதியாகும்: 1 மில்லிவினாடி, 0.5, 0.25, 0.125 என்று குறைந்துகொண்டே போகும். நேரத்துண்டு குறுகும்போது காத்திருப்பும் குறைகிறது.

மெய்நிகராக்கமும் கட்டுப்பாட்டைப் பிரித்தலும்

2012 அக்டோபரில் முன்னணித் தொலைத்தொடர்புச் சேவை நிறுவனங்கள் பல ஒன்றுகூடி, வலையமைப்புப் பணிகளை மெய்நிகராக்கம் செய்வது பற்றிய ஓர் அறிக்கையை வெளியிட்டன. அதைத் தொடர்ந்து ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனத்தில் இதற்கெனத் தனிக்குழு அமைந்தது. இதன் கருத்து எளியது. தனிப் பெட்டி செய்த வேலையை மென்பொருளாக எழுதி, சந்தையில் கிடைக்கும் பொதுவான வழங்கிக் கணினிகளில் ஓடவிடுவது. சுமை கூடினால் அதே மென்பொருளின் இன்னொரு படியைத் தொடங்கலாம், குறைந்தால் நிறுத்திவிடலாம்.

இதற்குச் சற்று முன்பே, 2008-இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் இணைந்தோரும் ஓப்பன்ஃபுளோ என்னும் நெறிமுறையை முன்வைத்தனர். திசைவிகள் ஒவ்வொன்றும் தாமே முடிவெடுப்பதற்குப் பதிலாக, முடிவெடுக்கும் மூளையை ஒரு மையக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வைத்துவிட்டு, பொட்டலங்களை முன்னனுப்பும் வேலையை மட்டும் கருவிகளிடம் விடலாம் என்பது அதன் அடிப்படை. இதுவே மென்பொருள்வழி வலையமைப்பு என்று வளர்ந்தது.

நகர்பேசி வலையமைப்பிலும் இதே பிரிவினை வந்தது. கட்டுப்பாட்டுச் செய்திகளைக் கையாளும் பகுதியும் பயனர் தரவைக் கையாளும் பகுதியும் 4ஜி-யில் தொடக்கத்தில் ஒரே கருவிக்குள் இருந்தன. தர அமைப்பான 3ஜிபிபி தனது 14-ஆம் வெளியீட்டில் இவற்றைப் பிரிக்க வழி செய்தது. காணொளிப் பயன்பாடு பெருகினால் தரவுப் பகுதியை மட்டும் பெருக்கலாம். இலட்சக்கணக்கான உணரிகள் இணைந்தால் கட்டுப்பாட்டுப் பகுதியை மட்டும் பெருக்கலாம்.

சேவை அடிப்படையிலான 5ஜி மைய வலையமைப்பு

3ஜிபிபி-யின் 15-ஆம் வெளியீட்டில், 2018-இல், 5ஜி-க்கான புதிய மைய வலையமைப்பு வரையறுக்கப்பட்டது. முந்தைய தலைமுறைகளில் இன்ன பெட்டி இன்ன பெட்டியுடன் இன்ன கம்பிவழி பேசும் என்று இணை இணையாக வரையறுத்திருந்தனர். 5ஜி-யில் ஒவ்வொரு பணியும் ஒரு சேவையாக அமைகிறது. ஒரு சேவை மற்றொன்றை அழைக்க, இணையதளங்கள் பயன்படுத்தும் அதே வகை நெறிமுறையே பயன்படுகிறது.

கைபேசியைப் பதிவு செய்து அதன் நகர்வைக் கவனிப்பது ஏ.எம்.எஃப். தரவு அமர்வுகளைத் தொடங்கி முடிப்பது எஸ்.எம்.எஃப். பயனரின் தரவை உண்மையில் சுமந்து செல்வது யு.பி.எஃப். அடையாளத்தைச் சரிபார்ப்பது ஏ.யு.எஸ்.எஃப். சந்தாதாரர் விவரங்களைக் காப்பது யு.டி.எம். இவை எல்லாம் எங்கே ஓடுகின்றன என்ற பட்டியலை வைத்திருப்பது என்.ஆர்.எஃப். புதிதாகத் தொடங்கும் எந்தச் சேவையும் முதலில் என்.ஆர்.எஃப்.-இல் தன் பெயரைப் பதிந்துகொள்கிறது. அதைத் தேடுவோர் அங்கே கேட்டு அறிந்துகொள்கின்றனர். இதனால் ஒரு சேவை பழுதானாலும் அதன் மாற்றுப்படியைக் கண்டுபிடித்துப் பணியைத் தொடர முடிகிறது.

5ஜி இரு முறைகளில் நிறுவப்படுகிறது. புதிய 5ஜி ரேடியோவைப் பழைய 4ஜி மைய வலையமைப்புடன் இணைப்பது சார்பு முறை. ரேடியோவும் மையமும் இரண்டும் 5ஜி-யாக இருப்பது தனித்த முறை. இக்கட்டுரையில் கூறப்படும் நெகிழ்வின் பெரும்பகுதி தனித்த முறையில்தான் கிடைக்கும். இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது ஜியோ தனித்த முறையையும் ஏர்டெல் சார்பு முறையையும் தேர்ந்தெடுத்தன.

தள நிலையத்தைப் பிரித்தல்

மைய வலையமைப்பைக் காட்டிலும் ரேடியோப் பகுதியை மென்பொருளாக்குவது கடினம். அங்கே கணக்கீடுகள் மில்லிவினாடிக்குள் முடிந்தாக வேண்டும்.

மரபான தள நிலையத்தில் இரு பகுதிகள் உண்டு. கோபுரத்தின் மேலே ஆண்டெனாவுக்கு அருகில் ரேடியோ அலகு. கீழே அடிக்கற்றை அலகு. பல கோபுரங்களின் அடிக்கற்றை அலகுகளை ஓரிடத்தில் குவித்தால் இடம், மின்சாரம், குளிரூட்டல் ஆகியன மிச்சமாகும் என்ற எண்ணம் எழுந்தது. அலுவலகப் பகுதியில் பகலிலும் குடியிருப்புப் பகுதியில் இரவிலும் சுமை கூடுவதால், ஒரே கணினித் தொகுதி இரண்டுக்கும் பயன்படும். சைனா மொபைல் நிறுவனம் இக்கருத்தைப் பெரிதும் முன்னெடுத்தது.

இதில் உள்ள இடையூறு என்ன என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 20 மெகாஹெர்ட்சு அகலமுள்ள 4ஜி சமிக்ஞையை, ஓர் ஆண்டெனாவுக்கு வினாடிக்கு 3.072 கோடி மாதிரிகளாக எடுக்கின்றனர். ஒரு மாதிரிக்கு 30 பிட் என்றால் வினாடிக்கு 92.16 கோடி பிட். கட்டுப்பாட்டுத் தகவலும் குறியீட்டு மிகையும் சேர்ந்தால் 122.88 கோடி பிட், அதாவது ஏறத்தாழ 1.23 கிகாபிட். 5ஜி-யில் 100 மெகாஹெர்ட்சு அகலத்துக்கு மாதிரி வீதம் நான்கு மடங்கு. ஆண்டெனாக்கள் 64 என்று கொண்டால், 1.2288 × 4 × 64 = சுமார் 315 கிகாபிட். ஒரு கோபுரத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வினாடிக்கு 315 கிகாபிட் சுமக்கும் இழை வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. பயனர்களுக்குப் போய்ச்சேரும் உண்மையான தரவு இதில் மிகச் சிறிய பங்குதான்.

ஆகவே பணிகளை எந்த இடத்தில் வெட்டுவது என்பதே வடிவமைப்பின் முக்கியக் கேள்வியானது. 5ஜி-யில் தள நிலையம் மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. ரேடியோ அலகு கோபுரத்தில் இருக்கும். பகிர்ந்த அலகு, நேர நெருக்கடி மிக்க கணக்கீடுகளைச் செய்யும். மைய அலகு, நேர நெருக்கடி குறைந்த பணிகளைக் கவனிக்கும். பௌதிக அடுக்கின் ஒரு பகுதியை ரேடியோ அலகிலேயே முடித்துவிட்டால், அனுப்ப வேண்டிய தரவின் அளவு வெகுவாகக் குறைகிறது.

தொலைவும் ஒரு கட்டுப்பாடு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோவினாடி. ரேடியோ அலகுக்கும் பகிர்ந்த அலகுக்கும் இடையே 100 மைக்ரோவினாடி தாமதம் மட்டுமே அனுமதிக்கப்பட்டால், அவற்றுக்கிடையே இழையின் நீளம் 20 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மைய அலகை இதைவிட வெகு தொலைவில் வைக்கலாம். மென்பொருள் எவ்வளவு நெகிழ்ந்தாலும் ஒளியின் வேகம் நெகிழாது.

திறந்த இடைமுகங்கள்

தள நிலையத்தைப் பிரித்தாலும், பிரிந்த துண்டுகள் ஒரே நிறுவனத்தின் கருவிகளுடன் மட்டுமே பேசுமானால் பயன் குறைவு. 2018-இல் ஏ.டி. அண்டு டி., சைனா மொபைல், டாய்ச்ச டெலிகாம், என்.டி.டி. டொகோமோ, ஆரஞ்சு ஆகிய ஐந்து சேவை நிறுவனங்கள் இணைந்து ஓ-ரான் கூட்டமைப்பை நிறுவின. ரேடியோ அலகு ஒரு நிறுவனத்துடையதாகவும் பகிர்ந்த அலகு வேறொரு நிறுவனத்துடையதாகவும் இருக்கும்படி, இடைமுகங்களைப் பொதுவில் வரையறுப்பது இதன் பணி.

இக்கூட்டமைப்பு ரேடியோ அறிவார்ந்த கட்டுப்படுத்தி என்ற புதிய கூறையும் சேர்த்தது. இதில் இரு வகை உண்டு. ஒன்று 10 மில்லிவினாடி முதல் 1 வினாடிக்குள் முடிவெடுப்பது; கோபுரங்களுக்கிடையே சுமையைப் பகிர்வது போன்றவை இதன் வேலை. மற்றொன்று 1 வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு கொள்கைகளை வகுப்பது. ஆளில்லா நள்ளிரவில் எந்தக் கருவிகளை உறங்கவைக்கலாம் என்பது போன்ற முடிவுகள் இதில் அடங்கும்.

திறந்த இடைமுகங்களுக்குப் பொருளியல், அரசியல் காரணங்களும் உள. ஹுவாவே, எரிக்சன், நோக்கியா, சட்.டி.இ., சாம்சங் ஆகிய சில நிறுவனங்களிடமே உலகின் ரேடியோக் கருவிச் சந்தை பெரும்பாலும் குவிந்துள்ளது. ஹுவாவே கருவிகளை 2027 இறுதிக்குள் 5ஜி வலையமைப்புகளிலிருந்து அகற்ற வேண்டும் என்று 2020 ஜூலையில் பிரித்தானிய அரசு முடிவெடுத்தபோது, மாற்று வழங்குநர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

வலையமைப்புக் கூறாக்கம்

ஒரே பௌதிக வலையமைப்பைப் பல மெய்நிகர் வலையமைப்புகளாகப் பகுத்தல் வலையமைப்புக் கூறாக்கம் எனப்படும். ஓர் ஏரியின் நீர் பல மடைகள் வழியே வெவ்வேறு வாய்க்கால்களுக்குப் பிரிவதை இதற்கு உவமை கூறலாம். நீர் ஒன்றே, ஆனால் நெல்லுக்குப் போகும் வாய்க்காலும் தோப்புக்குப் போகும் வாய்க்காலும் வேறு, எந்த மடையை எப்போது எவ்வளவு திறப்பது என்பதற்கு ஒரு முறை உண்டு.

ஒவ்வொரு கூறுக்கும் ஓர் அடையாள எண் தரப்படுகிறது. அதில் 8 பிட் கூறின் வகையைக் குறிக்கும். 1 என்பது மிகுவேக அகலப்பட்டை, 2 என்பது நம்பகமான குறைதாமதத் தொடர்பு, 3 என்பது பெருந்திரள் கருவிகள், 4 என்பது வாகனத் தொடர்பு. ஒரு கைபேசி ஒரே நேரத்தில் 8 கூறுகள் வரை பயன்படுத்தலாம்.

இதில் ஒரு பொதுநலக் கேள்வியும் அடங்கியுள்ளது. பணம் மிகுதியாகத் தருவோருக்கு அகன்ற வாய்க்கால் என்றானால், மற்றவர்களின் வாய்க்கால் வற்றுமா? இந்தியாவில் 2018 ஜூலையில் ஏற்கப்பட்ட இணையச் சமவாய்ப்புக் கொள்கை, இணைய உள்ளடக்கத்தில் பாகுபாட்டைத் தடுக்கிறது. தனிச்சிறப்புச் சேவைகளுக்கு விலக்கு அளிக்கிறது. எந்தக் கூறு தனிச்சிறப்புச் சேவை, எது இணையத்தின் விரைவுப் பாதை என்ற எல்லையை வகுப்பது ஒழுங்குமுறை அமைப்புகளின் பொறுப்பாகிறது.

விளிம்புக் கணிமை

தரவை வெகு தொலைவிலுள்ள தரவு மையத்துக்கு அனுப்பாமல், பயனருக்கு அருகிலேயே கணக்கிடுவது விளிம்புக் கணிமை. இதன் தேவையையும் ஒளியின் வேகமே விளக்கும். போய்வர 1 மில்லிவினாடிதான் உண்டென்றால், வேறு எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் கணினி 100 கிலோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். 5ஜி-யில் யு.பி.எஃப். தனியே பிரிந்திருப்பதால், அதைத் தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே வைத்து, கட்டுப்பாட்டுப் பகுதியைத் தொலைவில் விடலாம்.

நடைமுறைப் பயன்பாடு

ஜப்பானின் ரகுட்டன் மொபைல் 2020 ஏப்ரலில் தன் வணிகச் சேவையை முழுதும் மெய்நிகராக்கப்பட்ட வலையமைப்பில் தொடங்கியது. பழைய கருவிகள் ஏதும் இல்லாத புதிய நிறுவனம் என்பதால் இது இயன்றது. ஏற்கெனவே பல்லாயிரம் கோபுரங்களை வைத்திருப்போருக்கு மாற்றம் படிப்படியாகவே நிகழ்கிறது. 2023 டிசம்பரில் ஏ.டி. அண்டு டி. தன் வலையமைப்பைத் திறந்த முறைக்கு மாற்ற அறிவித்த, 5 ஆண்டுகளில் சுமார் 1,400 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் எரிக்சன் என்னும் பழைய பெருநிறுவனத்துக்கே சென்றது. திறந்த இடைமுகம் வந்தவுடன் புதியவர்களுக்குச் சந்தை தானே திறந்துவிடாது என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகக் கூறுவோர் உண்டு.

இந்தியாவில் சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கிய 5ஜி சோதனைக்களம் 2022 மே 17 அன்று தொடங்கப்பட்டது. உள்நாட்டுப் புதுநிறுவனங்கள் தம் கருவிகளையும் மென்பொருளையும் வெளிநாடு செல்லாமல் இங்கேயே சோதிக்க இது வழி செய்கிறது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் உள்நாட்டு 4ஜி வலையமைப்பில் மைய வலையமைப்பு சி-டாட் அமைப்பினுடையது. ரேடியோக் கருவிகள் தேஜஸ் நிறுவனத்தினுடையவை. இணைத்து இயங்கச் செய்யும் பொறுப்பு டி.சி.எஸ். நிறுவனத்தினுடையது. பிரிந்த கூறுகளை இணைப்பதே ஒரு தனிப்பணி என்பதை இது காட்டுகிறது.

சிக்கல்கள்

பெட்டிகள் மென்பொருளாக மாறும்போது பழுதின் தன்மையும் மாறுகிறது. ஒரு பெட்டி எரிந்தால் ஒரு பகுதி பாதிக்கப்படும். எல்லா இடங்களிலும் ஓடும் ஒரே மென்பொருளில் ஒரு பிழை இருந்தால் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும். 2018 டிசம்பர் 6 அன்று, மைய வலையமைப்பு மென்பொருள் ஒன்றின் மின்னணுச் சான்றிதழ் காலாவதியானதால், பிரித்தானியாவின் ஓ2, ஜப்பானின் சாஃப்ட்பேங்க் ஆகியவற்றின் கோடிக்கணக்கான பயனர்கள் பல மணிநேரம் சேவை இழந்தனர்.

2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் வலையமைப்பில் நேர்ந்த முடக்கம் மேலும் பாடமானது. திசைவி ஒன்றின் அமைப்பில் செய்த மாற்றத்தால் ஒரு வடிகட்டி நீங்கி, அளவுக்கு மீறிய வழித்தடத் தகவல்கள் மைய வலையமைப்பை மூழ்கடித்தன. நகர்பேசிக்கும் வீட்டு இணையத்துக்கும் மையம் ஒன்றே என்பதால் இரண்டும் ஒருங்கே நின்றன. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். பழுதைச் சரிசெய்ய வேண்டிய ஊழியர்களும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால், ஒருவரையொருவர் தொடர்புகொள்வதே கடினமாயிற்று.

அவசர அழைப்புகளும் பாதிக்கப்பட்டன. சொந்த வலையமைப்பு கிடைக்காதபோது கைபேசி வேறொரு நிறுவனத்தின் கோபுரம் வழியே அவசர எண்ணை அழைக்கும். ஆனால் அன்று மையம் மட்டுமே விழுந்தது. கோபுரங்கள் அலைகளை அனுப்பிக்கொண்டே இருந்தன. வலையமைப்பு இருக்கிறது என்று எண்ணிய கைபேசிகள் வேறு கோபுரத்தைத் தேடவில்லை. இதன்பின் கனடாவின் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பெருமுடக்கத்தின்போது ஒன்றுக்கொன்று உதவும் உடன்பாட்டைச் செய்துகொண்டன. நகர்பேசிக்கும் கம்பிவழிச் சேவைக்கும் மையத்தைப் பிரிப்பதாக ரோஜர்ஸ் அறிவித்தது. பணிகளை ஒன்றாகக் குவிப்பதால் வரும் சிக்கனமும் தனித்தனியே வைப்பதால் வரும் பாதுகாப்பும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இவை தவிர, பல நிறுவனங்களின் கூறுகளைச் சேர்க்கும்போது பழுதுக்கு யார் பொறுப்பு என்பதில் குழப்பம் எழலாம். இடைமுகங்கள் பெருகப் பெருக, ஊடுருவுவோர் நுழையக்கூடிய வாயில்களும் பெருகுகின்றன. பொதுவான கணினிகள், குறித்த வேலைக்கென்றே செய்த சில்லுகளைவிடக் கூடுதல் மின்சாரம் செலவழிப்பதும் உண்டு. அதனால் பல இடங்களில் முடுக்கிச் சில்லுகள் துணையாகச் சேர்க்கப்படுகின்றன.

ஆறாம் தலைமுறையை நோக்கி

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023 நவம்பரில் 6ஜி-க்கான சட்டகத்தை ஏற்றது. 5ஜி-யின் மூன்று வகைப் பயன்பாடுகள் அதில் ஆறாக விரிந்துள்ளன. எங்கும் இணைப்பு, செயற்கை நுண்ணறிவும் தகவல்தொடர்பும், உணர்தலும் தகவல்தொடர்பும் ஒருங்கே அமைதல் ஆகியவை புதியன. கோபுரம் எட்டாத கடலுக்கும் மலைக்கும் செயற்கைக்கோள் வழியே சேவை தருவதற்கான தரங்கள் 5ஜி-யின் 17-ஆம் வெளியீட்டிலேயே தொடங்கிவிட்டன. தள நிலையம் நிலத்தில் நிற்காமல் வானில் நகரும்போது, எந்தப் பணியை எங்கே வைப்பது என்ற கேள்வி மேலும் கடினமாகிறது. மீண்டெழும் ஆற்றலும் நிலைத்த வளர்ச்சியும் 6ஜி-யின் நோக்கங்களில் இடம்பெற்றுள்ளன. வலையமைப்பு எவ்வளவு வேகமானது என்பதோடு, ஒரு பகுதி விழுந்தாலும் அவசர அழைப்பு போய்ச்சேருமா என்பதும் அதன் வடிவமைப்பை மதிப்பிடும் அளவுகோலாகி வருகிறது.